அப்பாவுக்கு இ-ரீடர்: தமிழ், மலையாளம், பழைய ஸ்கேன் பிடிஎஃப் மூணும் படிக்க 20,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?

குளச்சல்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ஒரு இ-ரீடர் (மின்புத்தகம் படிக்கிற கருவி) வாங்கணும். வயசு 69, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. போன்ல படிச்சா கொஞ்ச நேரத்துலயே கண்ணு கூசுதுன்னு வச்சிடுவாங்க.

படிக்கிறது மூணு வகை. இப்போ வர்ற தமிழ் நாவல், கட்டுரைகள். கொஞ்சம் மலையாளம். அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல இருந்து இறக்கி பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கிற பழைய புத்தகங்கள், அது எல்லாம் ஸ்கேன் பிடிஎஃப்.

கவரோட சேர்த்து 20,000 ரூபாய் வரை போகலாம். 6 இஞ்ச் போதுமா, 7 இஞ்ச் வேணுமா? அமேசானோட கிண்டில்தானா, இல்ல கோபோ கம்பெனியோடதா? அண்ணன் கல்ஃப்ல இருந்து லீவுக்கு வரும்போது கோபோ வாங்கிட்டு வரேன்னு சொல்லுறான். கலர் ஸ்கிரீனால பிரயோஜனம் உண்டா? வீடு கடற்கரையில இருந்து கூப்பிடு தூரம். உப்புக்காத்துக்கு தாங்குமாங்கிறதும் தெரியணும்.

பத்மநாபபுரம் எழுதியது:

மாடல் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேலை எடுத்து, அப்பா படிக்கிற பழைய புத்தகத்தோட அகலத்தை அளங்க. உங்க கேள்வியில பாதிக்கு அந்த அளவே பதில் சொல்லிடும்.

6 இஞ்ச் திரையோட அகலம் சுமார் 9 செ.மீ. 7 இஞ்ச்னா 10.7 செ.மீ. ஸ்கேன் பிடிஎஃப்ங்கிறது பக்கத்தோட படம். எழுத்தை மட்டும் பெருசாக்க முடியாது, பக்கம் முழுசாத்தான் சுருங்கும், விரியும். ஏ4 பக்கம் 21 செ.மீ அகலம். நாலு பக்க வெள்ளை ஓரத்தை வெட்டி எறிஞ்சாலும் எழுத்துப் பகுதி 16 செ.மீ இருக்கும். அதை 9 செ.மீக்குள்ள அடைச்சா 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 7 புள்ளிக்கும் கீழ போயிடும். புரை எடுத்த கண்ணுக்கு அது ஆகாது. 7 இஞ்ச்லயும் 8 புள்ளியைத் தாண்டாது, அதுவும் சிரமம்தான்.

ஆனா பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல நிறைய கிரவுன் சைஸ், அதாவது ஏறக்குறைய 12-க்கு 18 செ.மீ. ஓரம் வெட்டினா எழுத்துப் பகுதி 9 செ.மீ சொச்சம்தான் வரும். 7 இஞ்ச் திரையில ஏறக்குறைய அச்சுப் புத்தகத்தோட அளவுலயே தெரியும். டெமி சைஸ், 14-க்கு 21.5 செ.மீ, ஓரம் போக சுமார் 10 செ.மீ, அதுவும் அகலத்துக்கு 7 இஞ்ச்ல உட்காரும், உயரத்துக்காகக் கொஞ்சம் சுருங்கும். 6 இஞ்ச்ல டெமி இன்னும் அதிகமாச் சுருங்கும். ஸ்கேன் முக்கியம்னா 7 இஞ்சுக்கு கீழ போகாதீங்க.

அதனால என் பரிந்துரை கிண்டில் பேப்பர்ஒயிட், 12ஆம் தலைமுறை. 7 இஞ்ச், இஞ்சுக்கு 300 புள்ளி, 16 ஜிபி, எடை 211 கிராம். 2025 ஏப்ரல்ல இந்தியாவுல 16,999 ரூபாய்க்கு இறக்கினாங்க. தள்ளுபடி விற்பனையில குறையும், வாங்குற அன்னைக்கு விலையைப் பாத்துக்கிடுங்க. வெளிச்சத்தை வெள்ளையில இருந்து மஞ்சளுக்கு மாத்தலாம். ராத்திரி படிக்கிறவங்களுக்கு இது பெரிய உபகாரம். சாதா 6 இஞ்ச் கிண்டில்ல இந்த மஞ்சள் வெளிச்சம் கிடையாது, தண்ணிக்கும் தாங்காது. மிச்சம் பிடிக்கிற பணத்துக்கு இழக்கிறது அதிகம்.

பேட்டரி விளம்பரத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. 12 வாரம்னு போடுறது தினம் அரை மணி நேரம், வைஃபை ஆஃப், வெளிச்சம் 13ல வச்சுப் படிச்ச கணக்கு. கூட்டிப் பாத்தா 42 மணி நேரம். அப்பா தினம் நாலு மணி நேரம் படிச்சா பத்து நாளைக்கு ஒரு தரம் சார்ஜ். அதுவே நல்ல கணக்குதான்.

புதுப் புத்தகத்துக்கும் கிண்டில் கடையிலதான் தமிழ் அதிகம். 2016 டிசம்பர்ல தமிழும் மலையாளமும் சேர்ந்தே அதுக்குள்ள வந்தது. நம்ம நாகர்கோவில்ல இருந்து வர்ற காலச்சுவடு பதிப்பகத்தோட புத்தகங்கள் நிறைய அங்க கிடைக்கும். குறையையும் சொல்லணும்: 2025 பிப்ரவரி 26க்குப் பிறகு, காசு கொடுத்து வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கிற வசதியை அமேசான் எடுத்துட்டாங்க. வாங்கினது பெரும்பாலும் அவங்க கணக்குக்குள்ளேயேதான் இருக்கும். புத்தகம் சேர்த்து வைக்கிற பழக்கம் உள்ள ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

மார்த்தாண்டம் எழுத்துரு எழுதியது:

மேலே சொன்ன அளவுக் கணக்கு சரி. எழுத்து ஒழுங்காகத் தெரிவதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழில் பாதிப் புகார் அங்கிருந்துதான் வருகிறது.

கோபோ நல்ல கருவி. கிளாரா பிளாக் அண்ட் ஒயிட் 2024இல் 129.99 டாலருக்கு வந்தது. தண்ணீர் தாங்கும், மஞ்சள் வெளிச்சம் உண்டு, கழற்றிப் பழுதுபார்க்க ஏற்ற அமைப்பு. ஆனால் அது 6 அங்குலம். 7 அங்குல லிப்ரா கலர் 2024இல் 219.99 டாலருக்கு வந்தது, உங்கள் வரம்பை ஒட்டிவிடும். தமிழுக்கு அதில் கொஞ்சம் கைவேலையும் உண்டு. கருவியைக் கணினியில் இணைத்து, முதன்மை அடைவில் ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறையை ஆங்கிலத்தில் உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட வேண்டும். அதன் பிறகும் சாதாரண ஈபப் (பரவலான மின்னூல் வடிவம்) கோப்பில் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கலாம். கோபோவில் ஈபப்பைத் திறப்பது ஒரு எஞ்சின், கோபோவின் சொந்த வடிவமான கேஈபப்பைத் திறப்பது வேறொன்று. காலிபர் என்ற கணினி மென்பொருளில் கேஈபப் ஆக மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளை நிறுவலாம்; அது எழுத்துச் சேர்க்கைக்கு ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழும் மலையாளமும் சுத்தமாக வரும். ஆர்வம் உள்ளவருக்கு இது நல்ல வழி. 69 வயதுள்ளவர் தனியாக வைத்துப் பயன்படுத்த கிண்டில்தான் எளிது.

கிண்டிலிலும் இரண்டு சிக்கல்கள் வரும். ஈபப் கோப்பை அனுப்பினால் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாக ஒரு பக்கம் முழுவதும் வந்தால், அந்தக் கோப்புக்குள் எழுத்து யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பு விடுபட்டிருக்கிறது. அமேசான் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக எடுத்துக்கொள்கிறது. கோப்பையே ஏற்க மறுத்தால் மொழிக் குறிப்பு இல்லை அல்லது தவறாக இருக்கிறது. காலிபரில் திறந்து மொழியைத் தமிழ் என்று கொடுத்து, ஈபப்பிலிருந்து ஈபப்புக்கே ஒருமுறை மாற்றிவிட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே மூச்சில் தீரும்.

ஸ்கேன் அல்லாத பழைய பிடிஎஃப்களுக்கு ஒரு சோதனை: ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, ஈபப்பாக மாற்றலாம். ஆங்கில எழுத்துகள் குவியலாக விழுந்தால் பாமினி, டிஸ்கி, டேப், வானவில் போன்ற பழைய குறியாக்கம். அப்படியே மாற்றினால் குப்பைதான் கிடைக்கும். முதலில் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

எழுத்து மெல்லியதாகத் தெரிகிறது என்று அப்பா சொன்னால் அளவை மேலும் ஏற்றாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அளவு கூடினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே நிற்கும், இரு ஓரமும் சமன் செய்த பத்தியில் சொற்களுக்கு நடுவே பெரிய பொத்தல் விழும். இடப்பக்கச் சீரமைப்புக்கு மாற்றுங்கள். தடிமன் போதாவிட்டால் காலிபர் மாற்றத்தில் ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதியில் எழுத்துருவை உட்பொதிக்கும் இடம் இருக்கிறது. அங்கே நோட்டோ செரிஃப் தமிழின் மீடியம் அல்லது செமிபோல்டு எடையைக் கொடுங்கள். கருவியில் பதிப்பாளர் எழுத்துரு என்று வருவதைத் தேர்ந்தால் அது தெரியும். அளவை ஏற்றுவதைவிடத் தடிமனைக் கூட்டுவது கண்ணுக்குச் சுகம்.

பிறகு, இலவசத் தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டமும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் இருக்கின்றன. பின்னதில் ஈபப்புடன் 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் கிடைக்கும். ஸ்கேன் பிரதியில் தேடும் நூல் அங்கே யூனிகோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் ஸ்கேனைத் தொடவே வேண்டாம்.

அருமனை எழுதியது:

பத்மநாபபுரம் சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு மாறுபாடு. பென் டிரைவ்ல இருக்கிறது பெரும்பாலும் ஏ4, பத்திரிகைத் தொகுப்பு, ரெண்டு பத்தி அகராதின்னா 7 இஞ்ச் வாங்குறது வீண் செலவு. 10.3 இஞ்ச் இ-இங்க் திரைதான் (இ-ரீடர்ல வர்ற, தாள் மாதிரி தெரியுற திரை) அதுக்குச் சரி, அகலம் 15.7 செ.மீ, ஓரம் வெட்டின ஏ4 அச்சு அளவுக்குக் கிட்டத்துல தெரியும். ஆனா அந்த வகை உங்க பட்ஜெட்டைத் தாண்டிடும். அதுக்குப் பதிலா 10, 11 இஞ்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட் 15,000க்குள்ளேயே வருது. கூச்சம் பெரும்பாலும் வெளிச்சத்தாலயும் கண்ணாடிப் பளபளப்பாலயும்தான். ஒளியைக் குறைச்சு, பக்கத்தைச் சாம்பலாக்கி, மேட் ஷீட் ஒட்டினா எவ்வளவோ குறையும். ஒரு குறை, எடை அரைக் கிலோ பக்கம் வரும். திண்ணையில சாஞ்சு கையில பிடிச்சு நெடுநேரம் படிக்க முடியாது, மடியில தலகாணி வேணும்.

கலர் வேண்டாம். இப்போ உள்ள கெலைடோ 3ங்கிற கலர் இ-இங்க் திரையில இஞ்சுக்கு கறுப்பு எழுத்து 300 புள்ளி, கலர் 150 புள்ளிதான். மேல ஒரு கலர் வடிகட்டி இருக்கிறதால பின்புலம் சாம்பல் அடிக்கும். பகல்லயும் விளக்கைப் போட்டுப் படிக்கணும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். நாவலுக்கும் பழைய ஸ்கேனுக்கும் அதனால நஷ்டம்தான்.

பூக்ஸ் மாதிரி ஆண்ட்ராய்டு இ-ரீடர்ல எல்லா ஆப்பும் ஓடும், மலையாள ஆப் உட்பட. பேட்டரி நாள் குறையும், செட்டிங்ஸ் ஜாஸ்தி. வீட்ல ஒருத்தர் கூட இருந்து பாத்துக்கிட முடியும்னா யோசிக்கலாம்.

குளச்சல்காரி எழுதியது:

ரொம்ப நன்றி. இப்பதான் அளந்து பாத்தேன். பென் டிரைவ்ல இருக்கிறதுல முக்கால்வாசி கிரவுன், மிச்சம் டெமி. ஏ4 நாலஞ்சுதான், அதை லேப்டாப்ல பாத்துக்கிடலாம். அப்போ 7 இஞ்ச் பேப்பர்ஒயிட்டுன்னு வச்சுக்கிடுறேன். ஓரத்தை எப்படி வெட்டுறது? பென் டிரைவை நேரா அதுல செருக முடியுமா?

பத்மநாபபுரம் எழுதியது:

பென் டிரைவ் நேரா செருக முடியாது. கம்ப்யூட்டர் வழியாத்தான் போகணும். புது பேப்பர்ஒயிட் விண்டோஸ்ல தனி டிரைவா வராது, போனைச் செருகினா தெரியுமே, அது மாதிரி தெரியும். உள்ள ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையில பிடிஎஃப்பைப் போட்டாப் போதும். நீங்க வெளியூர்ல இருந்தாலும் அப்பாவுக்கு அனுப்பலாம்: ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. உங்க முகவரியை அனுமதிப் பட்டியல்ல சேர்க்கணும், இல்லன்னா வந்து சேராது. மின்னஞ்சல்ல 50 எம்பி வரை, அமேசானோட இணையப் பக்கம் வழியா 200 எம்பி வரை போகும்.

ஓரம் வெட்ட கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. புத்தகத்தைக் கொடுத்து, கருவி அளவா 1264-க்கு 1680 புள்ளி, 300 டிபிஐ போடுங்க. மாற்றும் முறையில ‘ட்ரிம் மார்ஜின்ஸ்’ தேர்ந்தெடுங்க. முதல்ல முழுப் புத்தகத்தையும் ஓட்டாம 20 முதல் 25 வரை பக்கம் மட்டும் கொடுத்துப் பாருங்க. அட்டையும் முன்னுரையும் வேற மாதிரி இருக்கும், நடுப் பக்கம்தான் உண்மையைச் சொல்லும்.

தப்பு எங்க வரும்னா, நூலக முத்திரை, ஓரத்துல பேனாக் குறிப்பு, ஸ்கேன் பண்ணும்போது விழுந்த கறுப்பு விளிம்பு. மென்பொருள் இதையும் எழுத்துன்னு நினைச்சு ஓரத்தை வெட்டாம விட்டுடும். அப்போ இடது, வலது ஓரத்துல இத்தனை இஞ்சைக் கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்குன்னு கொடுக்கிற பெட்டி இருக்கு, 0.3ல ஆரம்பிச்சு ஏத்துங்க. மென்பொருள் தானா வரியைப் பிரிச்சு அடுக்குற முறையை நெருக்கி அச்சடிச்ச பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு வைக்காதீங்க. மேல் வரியோட கீழ்ச்சுழியும் கீழ் வரியோட புள்ளியும் ஒண்ணோடொண்ணு உரசுறதால வரி எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாம புள்ளி அறுந்து போகும். ‘க்’ இருந்த இடத்துல ‘க’ நிக்கும்.

தாள் மஞ்சளா இருக்கிற ஸ்கேன் இ-இங்க்ல அழுக்குச் சாம்பலாத் தெரியும். அதே மென்பொருள்ல கான்ட்ராஸ்டை ஏத்தி வெள்ளையாக்கினா எழுத்து எடுப்பாகும், கோப்பும் சிறுசாகும், பக்கமும் சீக்கிரம் புரளும். டெமி புத்தகம் அப்படியும் சிறுசாத் தெரிஞ்சா ‘ஃபிட் விட்த்’ முறையில மாத்தி, கருவியைப் படுக்கை வாக்குல வச்சுப் படிக்கட்டும். அகலம் 14.2 செ.மீ கிடைக்கும், ஒரு பக்கம் ரெண்டு துண்டா வரும்.

வடசேரி சர்வீஸ் எழுதியது:

அக்கா, உப்புக்காத்து கேள்விக்கு யாரும் வரலையே, நான் சொல்லுறேன்.

தண்ணி தாங்குற தரம் ஐபிஎக்ஸ்8னு போட்டிருக்கிறது நல்ல தண்ணியில 2 மீட்டர் ஆழம், 60 நிமிஷம். கடல் தண்ணிக்கு அமேசான் சொல்றது கால் மீட்டர் ஆழம், 3 நிமிஷம் மட்டும். கடல் தண்ணி பட்டா துடைச்சு மட்டும் வைக்காதீங்க. நல்ல தண்ணியில அலசி, சார்ஜ் ஓட்டை கீழ பாக்குற மாதிரி நிறுத்தி காய விடுங்க. முழுசா காயாம சார்ஜ் போடவே கூடாது. உப்புப் படிஞ்ச ஈரத்துல கரண்ட் போனா யூஎஸ்பி சி பின்னு பச்சை பூத்து அரிச்சுடும். பாடி எவ்வளவு தண்ணி தாங்கினாலும் அந்த ஓட்டைக்குள்ள பின்னு திறந்துதான் கிடக்கும். கடலோர வீடுகள்ல தண்ணியே படாமலும் இது மெல்ல நடக்கும். கேபிளைச் செருகியே போட்டு வைக்காதீங்க. படிக்காத நேரம் மூடியுள்ள டப்பாவுல ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. பொட்டலம் மழைக்காலத்துல சீக்கிரம் ஈரம் குடிச்சுடும், மாத்திக்கிட்டே இருங்க. ஐப்பசி இடிமழையில சார்ஜரைப் பிளக்ல விடாதீங்க.

ஆனா இ-ரீடர் சாகுறது தண்ணியால கொஞ்சம்தான். திரை உடைஞ்சுதான் நிறைய. இ-இங்க் தாளுக்குப் பின்னாடி மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கு. வெளியில கீறலே தெரியாது, ஆன் பண்ணினா பாதித் திரை உறைஞ்சு நிக்கும், குறுக்க கோடு ஓடும். உள் கண்ணாடி போயாச்சுன்னு அர்த்தம், அதை ஒட்ட முடியாது. திரை மாத்துற செலவு பாதி விலையைத் தாண்டும். சோத்துப் பாத்திரம், தண்ணி பாட்டில் கூட ஒரே பையில திணிச்சு, கூட்டமான பஸ்ஸுல நெரிபட்டா அதுவே போதும். பையில வைக்கும்போது திரைப் பக்கம் ஒரு தடித்த நோட்டைச் சேத்து வைங்க. கவர் மெத்துன்னு இருக்கிறதை விட முன் அட்டை விறைப்பா இருக்கணும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில உச்சி வெயில்ல வைக்கவே வேண்டாம், 35 டிகிரி வரைதான் அதுக்குச் சொன்ன வெப்பம்.

கல்ஃப்ல இருந்து கொண்டு வர்ற கருவி இங்க நல்லாவே ஓடும், புத்தகம் கணக்கைப் பொறுத்ததுதான். வாரண்டி மட்டும் வாங்கின நாட்டோட நின்னுடும். அமெரிக்காவுல வாங்கின கிண்டில்னா பூட்டுத் திரையில விளம்பரம் வர்ற மலிவு ரகமான்னு கேட்டுக்கிடுங்க. பழசு வாங்குறதா இருந்தா 2019 சாதா கிண்டில் வேண்டாம், அது 167 புள்ளிதான். சின்ன எழுத்துல ‘ண’வும் ‘ன’வும் ஒண்ணு போலத் தெரியும். பழைய ஓனர் தன் கணக்குல இருந்து நீக்கித் தந்தாரான்னு முன்னாலேயே பாத்துடுங்க.

குளச்சல்காரி எழுதியது:

எல்லாம் குறிச்சு வச்சாச்சு. இங்கேயே வாங்குறேன், அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். பார்சல் வந்த அன்னைக்கு எதை எதைப் பாக்கணும்?

மார்த்தாண்டம் எழுத்துரு எழுதியது:

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து திரை எழும்புவது வரை போனில் வீடியோ எடுங்கள். உடைந்த திரை வந்தால் பேச்சே இருக்காது. இருட்டறையில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வெள்ளைப் பக்கம் ஒன்றைப் பாருங்கள். கீழ் ஓரத்தில் நிழல் பட்டை, ஒரு மூலை மட்டும் மஞ்சள், ஊசி முனை போல் வெள்ளைப் புள்ளி ஆகியவை இருந்தால் திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அது சரியாகாது. முந்தைய பக்கத்தின் எழுத்து லேசாக நிழலாடுவது மட்டும் குறையல்ல, இ-இங்க் இயல்பு. அமைப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும் தேர்வை இயக்கினால் மறையும்.

அதன் பிறகு ஒரு தமிழ் ஈபப், ஒரு மலையாள ஈபப், ஓரம் வெட்டிய ஒரு கிரவுன் ஸ்கேன், மூன்றையும் ஏற்றி அப்பாவின் கையில் கொடுங்கள். எழுத்தளவு, தடிமன், மஞ்சள் வெளிச்சம் மூன்றையும் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் மாற்றுங்கள். எழுத்து அமைப்புகளைத் ‘தீம்’ ஆகப் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று போதும். கடைசியில் விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு, புதுப் புத்தகம் அனுப்பும்போது மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.